தட்டு யார் கையில்?

1986 டிசம்பரில் பெங்களூரில் மூன்று நாள் மாநாடு ஒன்று நடந்தது. பாணினியைக் கரைத்துக் குடித்த பண்டிதர்களும், கணினிக்கு மனித மொழியைப் புரியவைக்க வழி தேடிய பொறியாளர்களும் அதில் கூடினார்கள். சமஸ்கிருத இலக்கண மரபு அறிவைப் பகுத்து வைத்திருக்கும் முறை கணினிக்கு உதவுமா என்பதுதான் பேச்சு. அதற்கு முந்தைய ஆண்டு நாசா ஆய்வாளர் ரிக் பிரிக்ஸ் 'ஏஐ மேகசின்' இதழில் எழுதிய கட்டுரை இந்த ஆர்வத்தைக் கிளப்பியிருந்தது. அதே 1986இல்தான் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோவியலுக்கும் என்றே 'கெய்ர்' என்ற மையத்தைப் பெங்களூரில் நிறுவியது. ஆக, ஏஐ என்ற துறைக்கு இந்த நகரத்தில் விலாசம் கிடைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்த நாட்களில் இதே ஊரின் சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரு மாற்றம் ஓடிக்கொண்டிருந்தது. 1983இல் ஜெயநகரில் 'கஃபே தர்ஷினி' திறந்தது. ஆர். பிரபாகர் வகுத்த அந்த முறையில் நாற்காலி கிடையாது, மேசைக்கு வந்து 'என்ன சாப்பிடுறீங்க' என்று கேட்க ஆளும் கிடையாது. காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். கண்ணெதிரே சுடும் தோசையை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் நடந்ததும் ஜெயநகரில் நடந்ததும் ஒன்றையொன்று அறியாதவை. அவை சாப்பாட்டு மேசையில் சந்திக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. விருந்தோம்பலிலும் கலையிலும் ஏஐ நுழைந்த கதையைப் பலரும் சாட்ஜிபிடி வெளியான 2022இல் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் முக்கியமான கேள்வி ஒன்று விட்டுப்போகிறது. தட்டைச் சுமந்து வந்து வைத்த கை யாருடையது, அது எப்போது யாருக்கு மாறியது?

முதல் மாற்றம் பின்கட்டில் நடந்தது. உடுப்பிப் பக்கத்துப் பரம்பள்ளியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மைய்யா சகோதரர்கள் 1924இல் தொடங்கிய 'பிராமின் காபி கிளப்'தான் பிற்பாடு எம்.டி.ஆர். என்று பெயர்பெற்ற மாவள்ளி டிஃபன் ரூம்ஸ். இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தது தாங்கள்தான் என்று அந்தக் கடை சொல்லிவருகிறது. சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மைய்யா 1951இல் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்தார். திரும்பியதும் அவர் கைவைத்தது சுத்தத்தில். பாத்திரங்களையும் கரண்டிகளையும் கிருமி நீக்கி எடுப்பது அங்கே அன்றாட வழக்கமாயிற்று. பரிமாறும் முறையை அவர் மாற்றவில்லை. சாப்பிட வந்தவருக்கு எதிரே நின்றது மனிதர்தான். இயந்திரம் அவருக்குப் பின்னால் சமையல்கட்டில் உழைத்தது.

1955இல் கோயம்புத்தூரில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் இந்த வரிசையில் அடுத்து வருகிறது. இட்லி விற்கும் கடையில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து குழவி சுற்றியவரின் தோளைக் கேட்டால் தெரியும் அதன் அருமை. விடியற்காலைக் கூட்டத்துக்கு முந்தின நாளே மாவு வேண்டும். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஆட்டியாக வேண்டும். அந்த வேலையை மோட்டார் வாங்கிக்கொண்டபோது வருந்தியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், பெங்களூர் திப்பசந்திராவில் 50 சதுர அடி இடத்தில் பி.சி. முஸ்தஃபாவும் அவருடைய உறவினர்களும் 'ஐடி ஃப்ரெஷ்' என்ற பெயரில் மாவை பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஆட்டுவது வீட்டை விட்டே வெளியேறியது. இட்லியின் வரலாற்றில் பின்கட்டு வேலை ஒவ்வொன்றாக இயந்திரத்திடம் போனது இப்படித்தான், ஓசையில்லாமல்.

முன்கட்டு அவ்வளவு எளிதில் வழிவிடவில்லை. காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனுக்கு இன்றைக்குப் போனாலும் காரணத்தைக் கண்ணால் காணலாம். கன்னட எழுத்தாளர்களின் உருவப்படங்கள் மாட்டிய கூடம். வேட்டி கட்டிய சப்ளையர் சமையல்கட்டிலிருந்து வெளியே வருகிறார். அவருடைய ஒரு கையில், உள்ளங்கை தொடங்கி முழங்கையைத் தாண்டி, தோசைத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன. மேல்தட்டு ஏறக்குறையத் தோளைத் தொடுகிறது. மற்றொரு கையால் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போகிறார். எந்த மேசையில் யார் என்ன கேட்டார்கள் என்பதற்குச் சீட்டுக் கிடையாது, எல்லாம் நினைவுதான். நடுவில் யாராவது நாற்காலியை இழுத்தால் உடம்பைத் திருப்பிக்கொள்கிறார், அடுக்கு அசைவதில்லை. குழந்தை இருக்கும் மேசையில் சூடான தட்டைச் சற்றுத் தள்ளி வைக்கிறார். பாரம் சுமப்பது, வழி பார்ப்பது, நினைவில் வைப்பது, முகம் பார்த்து நடப்பது என்று நான்கு வேலைகள் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரோபோ செய்கிறவர்கள் பல ஆண்டுகளாகத் தனித்தனியே மல்லுக்கட்டும் நான்கு சிக்கல்கள் இவை.

தர்ஷினி இந்தச் சப்ளையரை இயந்திரத்தால் விலக்கவில்லை, ஏற்பாட்டால் விலக்கியது. தட்டைச் சுமக்கும் வேலையை வாடிக்கையாளரே வாங்கிக்கொண்டார். விலை குறைந்தது, காத்திருப்பு குறைந்தது. ஆட்டோ ஓட்டுநரும் அலுவலக அதிகாரியும் ஒரே உயர மேசையில் தோளோடு தோள் நின்று சாப்பிட்டார்கள். ஒரு காலத்தில் சாதி பார்த்து இடம் பிரித்த ஓட்டல்கள் இருந்த தென்னிந்தியாவில் அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்பது, பணம் வாங்குவது, சமைப்பது, கொடுப்பது என்று உணவக வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையில் அடுக்கியது தர்ஷினிதான். பின்னால் வந்த மென்பொருளுக்கு அந்தத் துண்டுகள் தயாராகக் கிடைத்தன.

மென்பொருள் முதலில் வந்தது பயணத்தின் வழியே. 2005 தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பேருந்தில் இடம் கிடைக்காமல் தவித்த பணீந்திர சாமா, நண்பர்களோடு சேர்ந்து 2006இல் பெங்களூரில் பேருந்து முன்பதிவுத் தளமான 'ரெட்பஸ்' தொடங்கினார். டிராவல்ஸ் ஏஜென்ட் ஒருவருக்கு ஒருவர் போன் போட்டு இருக்கை தேடிய காலம் அதோடு முடிந்தது. 2014இல் கோரமங்கலாவில் உணவை வீட்டுக்குக் கொண்டுவரும் செயலியான 'ஸ்விகி' வந்தது. அடுத்த ஆண்டு 'ட்ரீபோ' என்ற விடுதி நிறுவனம். இங்கேதான் ஏஐ முகம் காட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது. லாட்ஜ் வரவேற்பில் சாக்பீஸால் எழுதிப்போட்டிருந்த வாடகை, தேவையைப் பொறுத்து நேரத்துக்கு நேரம் மாறும் எண்ணாயிற்று. எந்த ஆர்டர் எந்த ரைடருக்கு, எத்தனை நிமிடத்தில் சாப்பாடு வீடு சேரும், திரையில் எந்தக் கடை மேலே தெரியும் என்பதையெல்லாம் பழைய தரவுகளிலிருந்து கற்ற நிரல்கள் தீர்மானித்தன. 2023 ஜூலையில் ஸ்விகி, பேச்சுவழக்கில் கேட்டாலும் உணவைத் தேடித் தரும் வசதியை அறிவித்தபோது பத்திரிகைகள் அதை ஏஐயின் வருகையாக எழுதின. உண்மையில் அது வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதுதான் வாய் திறந்தது.

ரயில் பயணத்திலும் இப்படியே. டிக்கெட் பதிவுத் தளமான ஐஆர்சிடிசியில் 2018இல் வந்த 'ஆஸ்க் திஷா' என்ற உரையாடல் நிரல் பெங்களூரின் 'கோரோவர்' நிறுவனம் செய்தது. ஆங்கிலத்தில் தொடங்கிப் பிறகு இந்தி பேசியது.

சமையல்கட்டில் அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள் என்பது தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் படித்த ஈஸ்வர் விகாஸும் சுதீப் சபத்தும் தோசை வார்க்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார்கள். மாவு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் ஊற்றினால் உருளும் கல்லில் தானே பரவி, வெந்து, சுருண்டு விழும். 'தோசாமேட்டிக்' என்று பெயர் வைத்தார்கள். அதைச் செய்த 'முகுந்தா ஃபுட்ஸ்' பெங்களூரில் வேரூன்றி, பிறகு வறுக்கவும் கிளறவும் இயந்திரங்கள் செய்தது. 2022இல் உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோ 50 லட்சம் டாலர் முதலீடு செய்து அதில் ஆறில் ஒரு பங்கை வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பெங்களூரின் 'இட்லி ஏடிஎம்' காணொளி ஊரெல்லாம் சுற்றியது. உடல்நலமில்லாத தன் மகளுக்கு இரவு நேரத்தில் சூடான இட்லி கிடைக்காமல் அலைந்த அனுபவம்தான் ஷரண் ஹிரேமத்தை அதன்பக்கம் தள்ளியது. சுரேஷ் சந்திரசேகரனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஃப்ரெஷாட்' இயந்திரம் 12 நிமிடத்தில் 72 இட்லி அவித்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் என்றார்கள். நள்ளிரவில் குழந்தைக்கு இட்லி தேடும் தகப்பனுக்கு எதிரே மனித முகம் இல்லை என்பது ஒரு குறையா? இல்லை என்றே சொல்ல வேண்டும். கதவு திறந்திருப்பதே அந்த வேளையில் உபசாரம்.

சுமக்கும் கையை இயந்திரமாக்கும் முயற்சியும் சென்னையிலிருந்துதான் பெங்களூர் போனது. வெங்கடேஷ் ராஜேந்திரனும் கார்த்திக் கண்ணனும் 2017இல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் 'ரோபோ' உணவகத்தைத் தொடங்கி, கோவையில் கிளை திறந்து, 2019இல் இந்திராநகர் 100 அடி சாலைக்கு வந்தார்கள். மேசையிலிருக்கும் டேப்லெட்டில் ஆர்டர் கொடுத்தால் ரோபோ தட்டத்தோடு வரும். குறுக்கே ஆள் நின்றால் நின்றுவிடும், வழிவிடச் சொல்லும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு செல்ஃபி. அது சுமந்தது, வழி பார்த்தது. ஆனால் கிண்ணத்தை எடுத்து வைக்க அதற்குக் கை வரவில்லை. எதிரே இருப்பவர் யார், பசியோடு வந்தாரா படம் எடுக்க வந்தாரா என்பதும் அதற்குத் தெரியாது. வித்யார்த்தி பவன் சப்ளையரின் நான்கு வேலைகளில் இரண்டு மட்டும் அதற்குக் கைவந்திருந்தன.

ஜப்பானில் இந்தப் பாடம் இன்னும் பெரிய அளவில் கிடைத்தது. நாகசாகியில் 2015இல் திறந்த 'ஹென் நா' விடுதி, ரோபோக்களே நடத்தும் விடுதி என்று பெயர்பெற்றது. 2019 தொடக்கத்தில் தன்னிடமிருந்த 243 ரோபோக்களில் பாதிக்குமேல் நிறுத்திவிட்டது. அறையில் வைத்திருந்த பொம்மை உதவியாளர், தூங்குகிறவரின் குறட்டையைத் தன்னிடம் கேட்ட கேள்வி என்று எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப எழுப்பிக் கேட்டதாம். இட்லி அவிக்கும் இயந்திரத்துக்கும் குறட்டைக்குப் பதில் சொல்லும் பொம்மைக்கும் நடுவில்தான் விருந்தோம்பலில் இயந்திரத்தின் எல்லை ஓடுகிறது. வேலையைச் செய்யும் இயந்திரம் நிலைக்கிறது. மனிதரைப் போல நடிக்கும் இயந்திரத்தை வேடிக்கை தீர்ந்ததும் ஓரங்கட்டுகிறார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020இல் மெனு அட்டையைத் தொடப் பயந்த காலத்தில் மேசைக்கு மேசை கியூஆர் கட்டம் ஒட்டினார்கள். தொற்று போனது, கட்டம் போகவில்லை. விமான நிலையத்தில் முகமே சீட்டாயிற்று: 2019இல் பெங்களூரில் சோதித்துப் பார்த்த முறை, 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூர், வாரணாசி மூன்று இடங்களிலும் 'டிஜி யாத்ரா'வாக நடைமுறைக்கு வந்தது. கேமரா முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. வரிசை குறைந்தது உண்மை. முகம் என்பது தொலைந்தால் மாற்றிக்கொள்ளும் கடவுச்சொல் அல்ல என்ற கவலையும் உண்மை.

இனி கலை. விருந்தோம்பலில் நடந்தது கலைக்கூடத்திலும் அப்படியே நடந்தது. அங்கேயும் ஒரு முன்கட்டு, ஒரு பின்கட்டு. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் சில நிமிட நடைத் தூரத்துக்குள் மூன்று காலங்கள் நிற்கின்றன. 1865இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். 1962இல் நேரு திறந்துவைத்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். அபிஷேக் போத்தார் நிறுவி, 2020 டிசம்பரில் இணையத்திலும் 2023 பிப்ரவரியில் கட்டடமாகவும் திறந்த மேப் என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம்.

மேப் கட்டடம் எழும்பும் முன்பே அதிகம் பேசப்பட்டது எம்.எஃப். ஹுசேனின் பேசும் உருவம். அக்சென்சர் ஆய்வகத்தோடு சேர்ந்து, ஓவியரின் பேட்டிகளையும் எழுத்துகளையும் கொண்டு உருவாக்கியது. பார்வையாளர் கேள்வி கேட்டால் முப்பரிமாண ஹுசேன் பதில் சொல்வார். 2006இல் வழக்குகளும் மிரட்டல்களும் துரத்த நாட்டை விட்டுப் போனவர் ஹுசேன். 2010இல் கத்தார் குடியுரிமை ஏற்று, 2011இல் லண்டனில் கண் மூடினார். உயிரோடு திரும்ப முடியாத நாட்டில் அவர் நிழல் அமர்ந்து பதில் சொல்கிறது. அதன் தொழில்நுட்பத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த உருவம் அவர் முன்பே சொன்னதைச் சொல்லலாம். தான் இல்லாத இந்தப் பதினான்கு பதினைந்து ஆண்டுகளைப் பற்றி ஹுசேன் என்ன நினைத்திருப்பார் என்பதை எந்த நிரலும் அவர் சார்பில் சொல்ல உரிமை கோர முடியாது. அதே மேப், மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து செய்த 'இன்டர்வோவன்' வேறு மாதிரி. தெற்காசியத் துணிகளின் வடிவங்களை உலகத்துச் சேகரங்களோடு ஒப்பிட்டு உறவுகளைக் காட்டும் தளம் அது. யாருடைய வாயிலும் சொல்லைத் திணிக்காமல், ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத் தொடர்பு தேடும் பொறுமையை மட்டும் அங்கே இயந்திரம் தருகிறது.

அதே சாலையில் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. கி.பி. 949ஆம் ஆண்டின் ஆதகூர் கல்வெட்டு. தக்கோலம் போரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்த சோழன் வீழ்ந்த செய்தியையும், காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது இரண்டும் மடிந்த செய்தியையும் ஒரே கல்லில் பொறித்திருக்கிறார்கள். மேலே நாயும் பன்றியும் மோதும் சிற்பம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் நடந்த போர் அது; தமிழ்நாட்டிலிருந்து போகும் எவரும் நின்று பார்க்க வேண்டிய கல். பழங்கன்னட எழுத்து தெரியாததால் பெரும்பாலோர் நாயின் சிற்பத்தைப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். பேசும் ஹுசேனைவிட, இந்தக் கல்லைத் தமிழிலும் கன்னடத்திலும் வாசித்துக் காட்டும் கருவிதான் வந்தவருக்குச் செய்யும் உண்மையான உபசாரம்.

அந்த வேலை பின்கட்டில் தொடங்கிவிட்டது. 1909இல் நிறுவப்பட்ட மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்துவருகிறது. பி.எல். உதயகுமார் முன்னின்று நடத்தும் திட்டம். இதற்கு முன்னோடி பி.எல். ரைஸ், அவர் தொகுத்த 'எபிகிராஃபியா கர்நாடிகா'வின் பெங்களூர்த் தொகுதி 1905இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் மைப்படி எடுப்பார்கள். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தைப் பரப்பி, எழுத்தின் குழிக்குள் காகிதம் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் பதியும். மழையில் கரைந்தும் சுண்ணாம்பு பூசப்பட்டும் போன எழுத்தை மைப்படி பிடிக்காது. இப்போது கையடக்க ஸ்கேனர் கல்லின்மேல் ஒளிக்கோடுகளை ஓடவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழ வேறுபாட்டையும் அளந்து, நிறத்தைக் கழித்துவிட்டு ஆழத்தை மட்டும் திரையில் காட்டுகிறது. தேய்ந்த கல் திரையில் எழுந்து நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமாக வெட்டிச் சேர்த்து 'அட்சர பண்டார' என்ற மென்பொருளாக வெளியிட்டிருக்கிறார்கள். எந்த நூற்றாண்டில் எந்த எழுத்து எப்படி இருந்தது என்று மாணவர் பார்த்துக்கொள்ளலாம். எழுத்தை அடையாளம் காணக் கணினியைப் பழக்குவதற்கும் இத்தகைய சேகரம்தான் மூலப்பொருள்.

இதில் தமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரின் பழைய கோயில் சுவர்களில் பல தமிழில் பேசுகின்றன. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூர்க்காரர் ஒருவர் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். இன்னொரு கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் உள்ள நிலத்தைக் குறிப்பிடுகிறது. ஐடி நிறுவனங்களின் பேருந்துகள் நெரிசலில் திணறும் மடிவாளாவில் ஏரிப் பாசனக் கணக்கு தமிழில் நிற்கிறது. எந்த மொழி இந்த ஊருக்கு உரியது என்ற சண்டையைக் கிளப்புகிறவர்கள் ஒருமுறை அந்தச் சுவரின் முன் நிற்பது நல்லது. இரண்டு மொழிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கற்களில் குடியிருக்கின்றன.

எழுத்தைப் படிப்பதற்கு அடுத்தது குரல். இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வுக்கூடம், ஏஐ என்ற சொல் சந்தைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே, தமிழிலும் கன்னடத்திலும் அச்செழுத்தை அறியவும் எழுத்தைக் குரலாக்கவும் கருவிகள் செய்தது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் சென்றுசேர அவை உதவின. 2022இல் அதே கழகமும் கூகுளும் சேர்ந்து 'வாணி' திட்டத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கின. 2023இல் பெங்களூரில் தொடங்கிய 'சர்வம்' நிறுவனம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தமிழ், கன்னடம் உட்படப் பத்து இந்திய மொழிகளில் தொலைபேசியில் பேசும் குரல் உதவியாளரை நிமிடத்துக்கு 1 ரூபாய் முதல் தருவதாக அறிவித்தது. விடுதிக்குப் போன் செய்தால் 'அறை இருக்கிறது, எத்தனை பேர் வருகிறீர்கள்?' என்று தமிழிலேயே கேட்கும் குரலுக்கு வழி திறந்துவிட்டது.

அந்தக் குரலுக்கு யாரோ பேசிக் கொடுத்திருக்கிறார்கள். பெங்களூரில் இயங்கும் 'கார்யா' என்ற அமைப்பு, கர்நாடகக் கிராமங்களில் பெண்களின் கையில் செல்பேசியைக் கொடுத்து, கன்னட வாக்கியங்களை வாசித்துப் பதிவுசெய்யச் சொல்லி, குறைந்தபட்சக் கூலியைவிடப் பல மடங்கு கொடுக்கிறது. அந்தப் பதிவு மறுபடி விலைபோனால் அதிலும் பங்கு தருகிறது. செய்ய முடியாதது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததைச் செய்து காட்டியதால் இது முக்கியம். தமிழ்த் திரையிசையிலும் இதே நியாயம் பேசப்பட்டது. 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்த ஏ.ஆர். ரகுமான், குடும்பங்களின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதே வேளையில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. கருவி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

2025இல் பெங்களூரின் பாகலகுண்டே ஆஞ்சநேயர் கோயில் அர்ச்சகர் நரசிம்மமூர்த்தி, நடிகர்கள் இல்லாமல் முழுக்க ஏஐ கருவிகளால் 'லவ் யூ' என்ற கன்னடப் படத்தை எடுத்து வெளியிட்டார். 95 நிமிடப் படம், செலவு சுமார் 10 லட்சம் ரூபாய். முகங்கள் காட்சிக்குக் காட்சி மாறிப்போகும் குறைகளோடு வந்தது. ஆனாலும் பணமில்லாத ஒருவர் படம் எடுத்துத் தணிக்கைச் சான்றிதழும் வாங்கினார் என்பது திரைத்துறைக்கு வெளியே நிற்கும் எத்தனையோ பேருக்குப் பெரிய செய்தி. லைட்மேனுக்கும் மேக்கப்மேனுக்கும் அதே செய்தி வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

மறுபடியும் தட்டுக்கு வருவோம். இன்றைய பெங்களூரில் தட்டைச் சுமக்கிறவர் பெரும்பாலும் பைக்கில் போகிறார். தோளில் பை, கைப்பிடியில் செல்பேசி. எந்தக் கடைக்கு, எந்த வீட்டுக்கு, எவ்வளவு காசுக்கு என்பதை நிரல் சொல்கிறது. சப்ளையருக்கு மேலே கல்லாவில் ஒரு முதலாளி இருந்தார். கோபம் வந்தாலும் முகம் தெரியும், கெஞ்சவோ சண்டைபோடவோ ஆள் இருந்தது. ரைடரின் கணக்கு ஒரு நாள் காலையில் முடங்கிப் போனால் யாரிடம் கேட்பது? உணவகத் தரையில் ஓடும் ரோபோவைவிட இந்தக் கேள்வியைத்தான் ஊடகங்கள் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும். இந்த நகரத்தின் சாப்பாட்டுத் தொழிலில் ஏஐ உண்மையில் முதலாளியின் நாற்காலியில்தான் உட்கார்ந்தது.

கர்நாடக அரசு 2025 மே மாதம் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, பிறகு அதே ஆண்டில் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய, செயலிகள் வழியே வேலை பார்ப்பவர்களுக்கான கிக் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, நலச் சட்டம் இந்த இடத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்கள் நலநிதிக்குக் கட்ட வேண்டும். தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுக்கும் நிரலும் வேலையையும் வருமானத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். 2023இல் ராஜஸ்தான் இத்தகைய சட்டம் ஒன்றை முதலில் கொண்டுவந்தது. ஆனால் ஸ்விகி பிறந்த ஊரில், அத்தகைய செயலிகளின் நிரல் தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியது கர்நாடகம். அந்த விளக்கம் ரைடருக்குப் புரிகிற கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் போய்ச் சேருகிறதா என்று தொழிற்சங்கங்கள் இனிக் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு இப்போது சட்டம் கையில் இருக்கிறது.